மொறிஸ் மைனரின் இடது சில்லு

பழைய கார் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து அடுத்த மாதம் முந்தலிலிருந்து கல்பிட்டி வரைக்கும் மொறிஸ் மைனர் ஊர்வலம் ஒன்று நடத்தப் போகிறார்கள். அதற்கு ஒரு மலரும் வெளியிடுகிறார்கள். அவர்களில் பர்ஹான் என்பவர் குறிஞ்சிப்பிட்டியில் என் வீடு தேடி வந்தார். "கபூர் மாமா, இந்தப் பக்கத்துல மைனர்ல கை வெச்ச பழைய ஆக்கள்ல நீங்கதான் மிச்சம். அந்தக் கார்ட வரலாற எழுதித் தாங்க. மேடையில ஒங்களுக்குப் பொன்னாடையும் போடுறம்" என்றார். அந்தப் பொன்னாடை எனக்கு உரியது அல்ல. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வரலாற்றையும் சொல்கிறேன். கேட்டதைக் கொடுக்காமல் வேறு எதையோ கொடுத்தான் என்ற பேர் வேண்டாம்.

இந்தக் கார் இங்கிலாந்தில் நாற்பத்தெட்டாம் ஆண்டு வெளிவந்தது. நாலு பேருள்ள குடும்பம் ஏறிப்போகச் சின்னதாய், பெற்றோல் குறைவாய்க் குடிக்கும் ஒரு கார் வேண்டும் என்று செய்தார்கள். மாதிரிக் கார் செய்து முடிந்த பிறகு, அதை வரைந்த மனிதருக்கு அது ஒடுக்கமாகத் தெரிந்ததாம். நடுவால் நீளத்துக்கு இரண்டாக வெட்டச் சொன்னார். இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் விலகியபோது "இதுதான்" என்றார். மைனரின் பொனட்டைத் தடவிப் பாருங்கள். நடுவில் ஒரு தட்டையான பட்டி ஓடும். அந்த நாலு அங்குலம் அதுதான். முதலில் வந்தவற்றின் முன் பம்பரிலும் நடுவில் ஒரு துண்டு வைத்து ஒட்டியிருப்பார்கள், ஏனென்றால் பம்பரை அதற்கு முன்பே செய்து முடித்துவிட்டார்களாம்.

முதலில் வந்தவற்றின் விளக்குகள் கீழே, கிறிலுக்குள் இருந்தன. பிறகு மட்காட்டுக்கு மேலே ஏறின. முன் கண்ணாடி முதலில் இரண்டு துண்டு, பின்பு ஒரே துண்டு. திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து நீட்டும். அது போய் மினுங்கும் விளக்கு வந்தது. எஞ்சின் மூன்று நான்கு தடவை மாறியது. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே செய்வதை நிறுத்திவிட்டார்கள். நமக்கு அதே காலத்தில் வெளிநாட்டுக் கார் வருவது நின்றுபோனதால், அவர்கள் கைவிட்ட காரை நாங்கள் வைத்து ஓட்டினோம். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் போய் நின்றால், இங்கிலாந்துக்காரனிடமே இல்லாத சாமானும் கடைசலில் கடைந்து கிடைக்கும். மற்றதெல்லாம் பர்ஹான் தம்பியின் போனில் இருக்கிறது. என்னை விடச் சரியாக இருக்கிறது.

பொனட்டுக் கதையை எனக்குச் சொன்னவர் சிறில் பாஸ். முந்தல் சந்தியிலிருந்து சிலாபம் பக்கம் கொஞ்சம் போனால் அவருடைய கராஜ். சிலாபத்துக் கத்தோலிக்கர், வீட்டில் சிங்களம், எங்களோடு தமிழ். தேத்தண்ணி நேரத்தில் ஒரு பணிஸைக் கத்தியால் நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் மேசையில் தள்ளி வைத்து, "இன்னாங்க, இது தான் மைனர்" என்பார். பிறகு இரண்டு பாதியையும் அவரே தின்றுவிடுவார். அவரிடம் நான் முப்பத்தொரு வருடம் இருந்தேன். முதல் நாலு வருடம் கழுவல், துடைப்பு, நட்டு எடுத்துக் கொடுப்பு. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

பாஸ் யாரையும் ஏசிய ஆள் அல்ல. எங்கள் எல்லோரையும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். வேலை பிழைத்தால் ஒன்றும் பேசாமல் கைலேஞ்சியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்த வேலையை முதலிலிருந்து தானே செய்வார். பிழை விட்டவன் பக்கத்தில் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு மணித்தியாலமானாலும் நிற்க வேண்டும். இரண்டு அறை வாங்கினால் தேவலை என்று நினைத்திருக்கிறேன்.

மைனரில் அவர் பயந்த இடம் ஒன்றே ஒன்றுதான். முன் சில்லு இரண்டும் மேலும் கீழும் மரை வெட்டிய ஒரு ஊசியில் தொங்குகின்றன. கிங் பின் என்போம். சில்லு திரும்பும்போதெல்லாம் அந்த மரை தன் கூட்டுக்குள் உரசும். கிறீஸ் இருக்கும் வரைக்கும் அதற்கு ஒன்றும் ஆகாது. கிறீஸ் காய்ந்தால் மரை தேயும். தேய்ந்து முடிந்த ஒரு நாள் ஊசி கழன்று, சில்லு காருக்கு அடியில் மடிந்து போகும். காரைச் செய்தவன் பொத்தகத்தில் தெளிவாக எழுதித்தான் வைத்திருக்கிறான், கிறீஸ் போடு என்று. போடாதவன் குற்றம் காரின் குற்றம் ஆகாது.

அதனால் பாஸிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. காரை ஜக்கில் தூக்கிச் சில்லைத் தொங்கவிட வேண்டும். கிறீஸ் உள்ளே போகும் சின்ன வாய்களான மேல் நிப்பிளிலும் கீழ் நிப்பிளிலும் கிறீஸ் கன்னை வைத்து அடிக்க வேண்டும். "கறுப்பு போய் மஞ்ச வரணும்" என்பார். பழைய கறுப்புக் கிறீஸ் முழுக்க வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும் வரைக்கும் அடிக்க வேண்டும் என்று அர்த்தம். எங்கள் கரையில் காற்றே உப்பு. நிப்பிளின் வாய் துருப்பிடித்து அடைத்துக்கொள்ளும். அப்போது அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி விட்டுக் குத்தி, திரும்பப் பூட்டி அடிக்க வேண்டும். கடைசியில் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். துளி ஆட்டம் தெரிந்தாலும் பாஸிடம் சொல்ல வேண்டும். எல்லாம் சரி என்றால் மட்காட்டின் உட்பக்கத்தில் வெண்கட்டியால் அவரவர் அடையாளம் போட வேண்டும். என் அடையாளம் வட்டம். அந்தோனியின் அடையாளம் சிலுவை. அடையாளத்தைக் கண்ட பிறகும் பாஸ் வந்து சில்லைத் தானும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துத்தான் காரை விடுவார்.

அந்தோனி நுரைச்சோலைக்காரன். என்னோடு ஒரே வருடம் சேர்ந்தவன். கிழமை நாட்களில் கராஜுக்குப் பின்னால் ஒரே அறையில் படுத்தோம். ஒரு கார் வந்தால் ஒரு பக்கம் அவன், மறு பக்கம் நான். நோன்பு மாதத்தில் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு என்னை எழுப்புகிறவன் அவன்தான். நான் தூக்கத்தில் இருந்துவிடுவேன் என்று தானே எழும்பிச் சோற்றைச் சூடாக்கி வைப்பான். பகலில் எனக்கு முன்னால் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டான். சாப்பாட்டுப் பொதியை எடுத்துக்கொண்டு தென்னைக்குப் பின்னால் போய்விடுவான். "நான் சாப்பிடுறதப் பாத்தா ஒனக்கு எச்சில் ஊறும் மச்சான், பாவம்" என்பான்.

பாஸுக்கும் நோன்பென்றால் பெரிய மரியாதை. அந்த மாதத்தில் மட்டும் ஒரு சலுகை வைத்திருந்தார். நோன்பு பிடித்தவனின் அடையாளம் இருந்தால் அந்தச் சில்லை அவர் ஆட்டிப் பார்க்க மாட்டார். "நோம்பு புடிச்ச ஆள் பொய் சொல்ற இல்லே தானே" என்பார். நான் ஒரு நாளும் அதை மறுத்துச் சொன்னதில்லை. கேட்கச் சுகமாக இருந்தது.

அந்த வருடம் கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் நோன்பு வந்தது. காற்று நெருப்பாய் வீசியது. பதினைந்தாம் நோன்புக்குப் பிறகு என்னால் முடியவில்லை. முடியவில்லை என்பதும் பொய்தான். மனம் இல்லை. சுகயீனம் என்று ஒன்றும் இருக்கவில்லை. சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, முந்தலில் சாக்குப் படுதா கட்டிய ஒரு கடைக்குள் புகுந்து ரொட்டியும் பிளேன்டீயும் அடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தேன். மூன்று நாள் அப்படிச் செய்தேன். பின்னேரம் பள்ளியிலிருந்து வந்த கஞ்சியையும், பாஸின் மனைவி வெட்டி அனுப்பிய பழத்தையும் வெட்கமில்லாமல் வாங்கிக் குடித்தேன், தின்றேன். அந்தோனி ஸஹருக்கும் எழுப்பிக்கொண்டே இருந்தான்.

மூன்றாவது நாள் வியாழக்கிழமை. அப்போதிக்கரி ஐயாவின் மைனர் வந்தது. யாழ்ப்பாணத்தவர், எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை. சாம்பல் நிற நாலு கதவுக் கார். அதில்தான் ஊர் ஊராய் நோயாளி பார்க்கப் போவார். அன்றைக்கு அது மூன்றாவது மைனர். வலது பக்கத்துக்கு அந்தோனி போனான், இடது பக்கத்துக்கு நான் போனேன்.

இடது பக்கக் கீழ் நிப்பிள் அடைத்திருந்தது. கன்னை வைத்து அழுத்தினால் கிறீஸ் உள்ளே போகாமல் பக்கத்தால் வழிந்தது. சில்லைப் பிடித்து ஆட்டினேன். மெல்ல ஒரு 'டிக்' கேட்டது. கையிலும் தெரிந்தது. பாஸிடம் சொன்னால் அன்று மாலை முழுதும் அந்தக் காருக்குக் கீழேதான். நான் வீட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மாமனார் வீட்டில் நோன்பு திறக்க அழைத்திருந்தார்கள். நோன்பே இல்லாதவன் நோன்பு திறக்க அவசரப்பட்டேன். வழிந்த கிறீஸை விரலால் சுற்றிவரப் பூசிவிட்டேன். மஞ்சள் வந்தது போல இருந்தது. வெண்கட்டியை எடுத்து வட்டம் போட்டேன்.

பாஸ் வந்தார். அந்தோனியின் சில்லை ஆட்டிப் பார்த்தார். என் பக்கம் வந்து குனிந்து வட்டத்தைப் பார்த்தார். என் தோளில் தட்டி, "போங்க போங்க, பஸ் போயிரும்" என்றார்.

ஐந்தாம் நாள் அந்தக் கார் ஒரு மதகு வளைவில் இடது சில்லு மடிந்து, பக்கத்து உப்புத்தண்ணீர் வாய்க்காலில் மூக்குக் குத்தி விழுந்தது. அப்போதிக்கரி ஐயா தனியாகத்தான் போயிருக்கிறார். வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. உயிர் தப்பினார். ஆனால் அந்தக் கால் பிறகு மடங்கவே இல்லை. வடக்கே மாற்றலாகிப் போகும் வரைக்கும் தடி ஊன்றித்தான் நடந்தார்.

காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கராஜில் விட்டார்கள். முன்பக்கம் ஒரு பகலும் ஒரு இரவும் உப்புத் தண்ணீருக்குள் கிடந்ததால் இரண்டு மட்காட்டிலும் வெண்கட்டி கரைந்துபோயிருந்தது. பாஸ் கழன்ற ஊசியைக் கையில் எடுத்து மரையைப் பெருவிரலால் தடவினார். மரையே இல்லை. எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இடது பக்கம் யாரு?"

அந்தோனி உடனே, "நான் வலது பாஸ்" என்றான்.

பாஸ் என்னைப் பார்த்தார். "நீங்க?"

நான், "வலது" என்றேன்.

ஒரே ஒரு சொல். அதை யோசித்தும் சொல்லவில்லை, வாயிலிருந்து தானாக வந்தது. வந்த பிறகு திருப்பி எடுக்க நேரம் இருந்தது. பாஸ் ஊசியைத் துணியில் சுற்றி முடிக்கும் வரைக்கும் நேரம் இருந்தது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாஸ் அந்தோனியிடம், "கபூர் நோம்பு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தோனியின் சில்லைத் தானே ஆட்டிப் பார்த்ததைத் தன் கை ஏமாந்தது என்று எடுத்துக்கொண்டாரே தவிர, நோன்பை அவர் சந்தேகிக்கவில்லை. அந்தோனி வாயைத் திறந்தான், என்னைப் பார்த்தான், மூடிக்கொண்டான். அன்று மூன்று மைனர் பார்த்திருந்தோம். பக்கம் மாறி மாறிப் போயிருந்தோம். அவன் முகத்தில் ஒரு குழப்பம் வந்ததை நான் கண்டேன். கண்டும் அது எனக்கு நல்லதாகவே பட்டது.  இதையும் எழுதத்தான் வேண்டும்.

பாஸ் அவன் நட்டுக் கழற்றும் சாவிகளைத் துடைத்து, ஒரு துணியில் அடுக்கிச் சுருட்டி, அவன் கையில் கொடுத்தார். கைவிளக்கைப் பிடிக்கச் சொல்லவில்லை. இனி அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை என்பதற்கு அது அடையாளம். அந்தோனி போகும்போது என்னிடம், "ஸஹருக்கு எழும்ப மறந்துராத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்போதிக்கரி ஐயாவின் காலை முறித்தவன் என்ற பேர் சிலாபத்திலிருந்து புத்தளம் வரைக்கும் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. எந்தக் கராஜும் அவனை எடுக்கவில்லை. இறால் பண்ணையில் மண் அள்ளினான், லொறியில் சாமான் ஏற்றினான், கடைசிக் காலத்தில் ஒரு களஞ்சியத்துக்குக் காவல் இருந்தான். இதெல்லாம் எனக்குக் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நுரைச்சோலை எனக்கு எட்டாத தூரம் இல்லை. பஸ் அவன் வீட்டுச் சந்தியால்தான் போகும். ஒவ்வொரு கிழமையும் அந்தச் சந்தி வரும்போது மற்றப் பக்க யன்னலைப் பார்த்துக்கொண்டு போனேன்.

எனக்கோ பேர் வளர்ந்தது. பாஸ் அதன் பிறகு நோன்பில்லாத மாதங்களிலும் என் வட்டத்தைக் கண்டால் சில்லை ஆட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார். நான் பயத்தில் ஒவ்வொரு நிப்பிளையும் கழற்றிக் கழுவினேன், ஒரு சில்லை மூன்று தரம் ஆட்டினேன். அதைப் பார்த்தவர்கள் கவனமான ஆள் என்றார்கள். 'மைனர் கபூர்' என்றார்கள். பொன்னாடை போட வருவது இந்தப் பேருக்குத்தான். பாஸ் மௌத்தானபோது அவர் பிள்ளைகள் என்னைப் பெட்டியின் முன்பக்கம் பிடிக்கச் சொன்னார்கள். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பர்ஹான் தம்பி வந்து போன மறு கிழமை நான் நுரைச்சோலைச் சந்தியில் இறங்கினேன். அந்தோனி மகள் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் எழும்பி, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான் கபூர்! நீ வருவாய் எண்டு நான் நினைக்கேல்ல. என்னில கோவமாத்தான் இருப்பாய் எண்டு நினைச்சன்."

"நான் ஏன் கோவிக்க?"

"நான் விட்ட பிழைக்கு ஒன்னையும் பாஸுக்கு முன்னால நிக்க வெச்சனே. வலது எண்டு சாதிச்சனே. பிறகு யோசிச்சுப் பாத்தன் மச்சான். நீ நோன்போட பொய் சொல்ல மாட்டாய். அப்ப நான்தான் மறந்திருக்கிறன். எத்தினையோ வருசம் யோசிச்சுப் பாத்தன். இப்ப கண்ண மூடினா நான் இடது பக்கம் குந்திக்கொண்டு இருக்கிறது அப்பிடியே தெரியுது."

நான் அங்கே போகும்போது அவன் என்னை ஏசுவான் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நினைத்தேன். இதை நினைக்கவில்லை. அவன் வேலையை, அவன் பேரை எடுத்தேன் என்றுதான் இவ்வளவு நாளும் எனக்குத் தெரியும். அவன் ஞாபகத்தையும் எடுத்திருக்கிறேன்.

"அந்தோனி, இடது பக்கம் நான்தான். நிப்பிள் அடச்சி இருந்திச்சி. சில்லு ஆடினதும் எனக்குத் தெரியும்."

அவன் சிரித்தான். "என்ட மனசு ஆறட்டும் எண்டு சொல்லுறாய். நீ நோன்புக்காரன்டா."

அப்போது மற்றதையும் சொல்ல வேண்டி வந்தது. அதைச் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. என் மனைவிக்கும் தெரியாதது அது.

"அண்டைக்கு எனக்கு நோன்பு இல்ல. மூணு நாளா இல்ல. நீ சூடாக்கித் தந்த சோத்தத் திண்டுட்டு, பகல்ல கடையிலயும் திண்டன்."

அந்தோனி என் கையை விட்டான். கதிரையில் உட்கார்ந்தான்.  பிறகு, "அப்ப நான் வலதுதானா?" என்று கேட்டான்.

"வலதுதான்."

"மஞ்ச வந்ததா?"

"வந்திச்சி. பாஸ் ஆட்டிப் பாத்தாரு. ஒன்ட சில்லு கல்லு மாதிரி நிண்டிச்சி."

அவன் கோபப்படவில்லை. "என்ட மனுசி மரியம்மா ஒவ்வொரு திருநாளைக்கும் தலவில கோயிலுக்குச் செருப்பில்லாம நடந்து போவா" என்றான். "நான் முறிச்ச காலுக்காக. நான் செய்யேல்ல எண்டு ஒரு நாளாவது அவளுக்கு நான் சொல்லேல்ல. எனக்கே தெரியாதே. அவ போய் நாலு வருசம்."

நான் அழுதேன். அவன் அழவில்லை. எழும்பி, தடியை எடுத்துக்கொண்டு, "வா" என்றான்.

சேமக்காலை பக்கத்தில்தான் இருந்தது. மணலில் நடக்க இருவருக்கும் நேரம் எடுத்தது. மரியம்மாவின் கல்லறைக்கு முன்னால் நின்று அதன் மேல் கிடந்த சருகுகளைத் தடியால் தள்ளினான்.

"சொல்லு" என்றான்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, "இடது பக்கம் நான். அந்தோனி இல்ல" என்றேன்.

"பலமாச் சொல்லு. அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

நான் தலையை நிமிர்த்தி மறுபடி சொன்னேன். பக்கத்துக் காணியில் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தோனி தலையை ஆட்டினான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பர்ஹான் தம்பி, மேடைக்கு நான் வர மாட்டேன். ஊர்வலத்தில் போகும் கார்களுக்கு யாராவது வெண்கட்டி அடையாளம் போடுவதென்றால் நுரைச்சோலைக்குப் போய் அந்தோனியைக் கேளுங்கள். வருவானோ தெரியாது. இந்தக் கட்டுரையை மட்டும் ஒரு வரி வெட்டாமல் போடுங்கள், என் பேரோடு போடுங்கள். சிலாபத்திலிருந்து புத்தளம் வரைக்கும் போன பேச்சு அது, சேமக்காலையில் நின்று சொன்னது அவ்வளவு தூரம் கேட்காது. அப்போதிக்கரி ஐயாவின் சாம்பல் நிற மொறிஸ் மைனரின் இடது சில்லு என்னுடைய பக்கம்.